மௌனத்தை வெட்டுகிறவர்கள்

ஒலிநூல்களையும் உரைகளையும் கேட்பதற்கான செயலிகளில் இரண்டு வசதிகளை இன்று பரவலாகக் காணலாம். ஒன்று, வாசிப்பின் வேகத்தை இரண்டு மூன்று மடங்குவரை கூட்டுவது. மற்றொன்று, வாசிப்பவரின் இடைநிறுத்தங்களைத் தானாக வெட்டிவிடுவது. நேரம் மிச்சம் என்பதே இரண்டுக்கும் சொல்லப்படும் நியாயம். சொல் ஒன்றுகூடக் குறையவில்லையே, பிறகு இழப்பு எங்கே என்று கேட்கிறார்கள்.

செவியைப் பாத்திரமாகவும் பேச்சை அதில் ஊற்றப்படும் நீராகவும் கொண்டால் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் கேட்டல் அப்படி நிகழ்வதில்லை.

மனித மூளையின் மின்னலைகளைப் பற்றி ஹான்ஸ் பெர்கர் 1929இல் முதன்முதலாக எழுதினார். அவற்றுள் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை அலைவதைத் தீட்டா என்கிறார்கள். இயல்பான பேச்சில் அசைகள் வந்து விழும் வேகமும் ஏறக்குறைய அதுவே. (அசை என்று இங்கே சொல்வது யாப்பின் நேர், நிரையை அல்ல, ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிக்கூற்றை.) பேச்சைக் கேட்கும்போது மூளையின் அலைவு அசைகளின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துச் செல்கிறது. இது மூளையின் சொந்தத் தாளமா, ஒலிக்கு எழும் எதிர்வினை மட்டுமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

2009இல் ஓடெட் கிட்சாவும் ஸ்டீவன் கிரீன்பெர்க்கும் வெளியிட்ட சோதனை ஒன்று என் எண்ணத்தை மாற்றியது. வாக்கியங்களை மூன்று மடங்கு வேகத்துக்குச் சுருக்கினார்கள். கேட்டவர்களுக்குப் பாதிச் சொற்கள்கூடச் சரியாகப் பிடிபடவில்லை. பின்னர் அதே ஒலியை 40 மில்லிநொடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் பின்னும் மௌனத்தைச் செருகினார்கள். அம்மௌனம் 80 மில்லிநொடியாக இருந்தபோது பிழைகள் மிகவும் குறைந்தன. கூட்டப்பட்டது ஒலியல்ல, வெறும் மௌனம்.

கூடுதல் அவகாசம் கிடைத்ததுதான் காரணம் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் சராசரி நீளத்தை அப்படியே வைத்து, மௌனங்களை மட்டும் ஒழுங்கற்றுச் சிதறவிட்டபோது பிழைகள் மறுபடி கூடின. மௌனத்தை மேலும் நீட்டியபோதும் அவ்வாறே. ஆகவே தேவைப்பட்டது அவகாசம் மட்டுமன்று, தாளமும்கூட.

நை டிங், டேவிட் போப்பல் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சீன மொழி அசைகள் இடைவெளிக் குறிப்பு ஏதுமின்றிச் சீராக ஒலிக்கப்பட்டன. சீனம் அறிந்தவர்களின் மூளையில் அசையின் தாளத்தோடு சொற்றொடரின் தாளமும் வாக்கியத்தின் தாளமும் எழுந்தன. அறியாதவர்களிடம் அசையின் தாளம் மட்டுமே இருந்தது. ஒலியில் இல்லாத பெருந்தாளத்தைக் கேட்பவரே கட்டிக்கொள்கிறார்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் கதை புரியாமல் போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசிப்பவர் விடும் நீண்ட இடைவெளியும் சோதனைக்கூடத்தின் 80 மில்லிநொடியும் ஒன்றல்ல என்பதும் தெரியும். செய்தி அறிக்கையை எந்த வேகத்திலும் கேட்கலாம். ஆயினும் நல்ல உரைநடையில் நிறுத்தம் வாக்கியத்தின் ஓர் உறுப்பு. கேட்பவரின் வேலை நடப்பது அங்கேதான். அதை வெட்டி எறிந்துவிட்டு முழுநூலையும் கேட்டுவிட்டேன் என்று சொல்வது, என்னளவில், பாதி உண்மையே.