வேலையும் விடல... பாட்டையும் விடல!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டில் காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பாருங்கள். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் காதில் ஹெட்செட். அதில் நாலு பேருக்காவது ‘நாமளும் ஒரு பேண்ட் ஆரம்பிக்கலாமா’ என்ற ஆசை இருக்கும். அவர்களுக்காகத்தான் இந்த வாரம் ‘அகம்’ கதை.

பெங்களூருவில் உருவான குழு அது. பாட்டும் வயலினும் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். 2007-ல் சன் டி.வி-யில் ஏ.ஆர்.ரஹ்மான் நடுவராக இருந்த ‘ஊ லலலா’ போட்டியில் ஜெயித்த பிறகுதான் வெளியே பெயர் தெரிந்தது. தியாகராஜர் கீர்த்தனையை எலெக்ட்ரிக் கிட்டார், ட்ரம்ஸோடு பாடினார்கள். சபா ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தாலும், கல்லூரிப் பசங்க கூடவே பாடினார்கள். கோக் ஸ்டுடியோ, ஊர் ஊராகக் கச்சேரி என்று நாடு முழுக்கப் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் வேலையை விடவில்லை! ஹரீஷ் டிசைன் துறையில் பெரிய பதவிகளில் இருந்தவர். குழுவில் மற்றவர்களும் பெரும்பாலும் ஐ.டி-காரர்கள்தான். முதல் ஆல்பம் 2012-ல், இரண்டாவது 2017-ல் வந்தது. ஆபீஸ், குடும்பம், கச்சேரி எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தால், ஐந்து வருஷ இடைவெளி எனக்குத் தாமதமாகவே தெரியவில்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம். ஐ.டி-காரர்களுக்கு சனி, ஞாயிறு லீவு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ப்ராக்டீஸ் பண்ணலாம். ஒரகடத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஒருவருக்கு காலை ஷிஃப்ட், இன்னொருவருக்கு நைட். வீக் ஆஃப் ஆளுக்கொரு நாள். ஓ.டி வந்தால் அதுவும் போச்சு. ஆறு பேர் தங்கியிருக்கும் ரூமில் ட்ரம்ஸ் வாசித்தால் ஹவுஸ் ஓனர் சும்மா விடுவாரா? திறமைக்கும் பஞ்சமில்லை, ஆசைக்கும் பஞ்சமில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்கும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் பஞ்சம்.

மேடை மட்டும் இங்கே தாராளம். ஆடி மாசக் கூழ் ஊற்றும் விழா, கல்யாண ரிசப்ஷன், கம்பெனி ஆயுத பூஜை. ஆனால் எல்லா இடத்திலும் கேட்பது சினிமாப் பாட்டுதான். சொந்தப் பாட்டு பாடினால் ‘தம்பி, தெரிஞ்ச பாட்டா பாடுப்பா’ என்று முன் வரிசையிலிருந்து குரல் வரும்.

கம்பெனி ஹெச்.ஆர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்கு வெளியிலிருந்து ஆர்கெஸ்ட்ரா கூப்பிடுகிறீர்களே, அந்த மேடையில் உங்கள் லைனில் நிற்கும் பசங்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அதற்கு முந்தின இரண்டு வாரம் அவர்களை ஒரே ஷிஃப்ட்டில் போடுங்கள், போதும்.

‘அகம்’ பாட்டை முதல்முறை கேட்பவர்கள் 2012 ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நைட் ஷிஃப்ட் முடிந்து படுக்கப் போகும்போது மட்டும் வேண்டாம்... அந்த ட்ரம்ஸுக்குத் தூக்கம் வராது!