பத்திரத்தில் யார் பெயர்?

செய்யாறு, ஆரணி வட்டாரத்துத் தறி வீடுகளில் குழித்தறியில் உட்காருபவன் பெரும்பாலும் ஆண். நூல் சுற்றுவதும் தார் போடுவதும் பெண். ஆனால் சேலைக்குக் கூலி வரும்போது முதலாளியின் கணக்கில் ஏறுவது ஒரே பெயர்.

மனை வாங்கும்போதும் இதே கதைதான். சீட்டுப் பணம், அவளுடைய கம்மலை அடகு வைத்த பணம், செய்யாறு சிப்காட்டில் செருப்புத் தைத்து அவள் வாங்கிய சம்பளம், அவன் கூலி எல்லாம் சேர்ந்து மூன்று சென்ட் ஆகிறது. கிரயப் பத்திரத்தில் அவன் பெயர் மட்டும்!

முறைப்படி மணந்தவள் என்றால், அவன் இறந்த பிறகு 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி விதவைக்குப் பங்கு உண்டு. சாதி குறுக்கே நின்றதால் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவளுக்கு? முதல் கல்யாணம் கோர்ட்டில் முறியாமலே இன்னொருவரோடு குடித்தனம் நடத்துபவளுக்கு? வாரிசுப் பட்டியலில் அவளுக்கு இடமே இல்லை. அவன் தாய்க்கு உண்டு. தாயும் பிள்ளைகளும் இல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்குக்கூட வரும். இருபது வருஷம் கஞ்சி ஊற்றியவள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைக் கல்யாணம் சட்டப்படி கல்யாணமே அல்ல என்று 1950களில் சென்னை ஹைக்கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மாலை மாற்றி, ஊரறிய வாழ்ந்தவர்களையும் சட்டம் மணமாகாதவர்களாகவே பார்த்தது. 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை கொண்டுவந்த திருத்தம்தான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, அந்தக் கல்யாணங்களைச் செல்லுபடியாக்கியது. ஆகவே சட்டம் மாறாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரு படி முன்னே வந்தது. கல்யாணத்தைப் போன்ற உறவில் வாழும் பெண்ணை, வீடு யார் பெயரில் இருந்தாலும், சட்ட வழி இல்லாமல் வெளியேற்ற முடியாது. ஆனால் குடியிருக்கும் உரிமை வேறு, சொத்துப் பாத்தியதை வேறு. அதிலும் 2010-ல் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் நிபந்தனை போட்டுவிட்டது: இருவரும் மணமாகாதவர்களாக, மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டுமாம். அந்தத் தீர்ப்பில் 'கீப்' என்ற இழிசொல்லும் இருந்தது. அரசு வழக்கறிஞரான இந்திரா ஜெய்சிங் கோர்ட்டிலேயே அதை எதிர்த்தார். அவருக்கு நம் பாராட்டு.

"பணம் நானும் போட்டேன்" என்று அவள் வழக்குப் போட்டால் என்ன? பினாமிச் சட்டம் குறுக்கே வந்து நிற்கக்கூடும். அந்தச் சட்டம் மனைவி பெயரில் கணவன் வாங்குவதற்கு விலக்குத் தருகிறது. சேர்ந்து வாழ்பவர்களுக்குத் தரவில்லை. ஆண் தன் பணத்தில் அவள் பெயரில் வாங்கினாலும் இதே இக்கட்டு அவனுக்கு. சட்டத்துக்குப் பத்திரம் தெரிகிறது, ரசீது தெரிகிறது. சுற்றிய நூலும் நட்ட நாற்றும் தெரிவதில்லை. சொத்துள்ளவர்கள் எழுதிய சட்டம் வேறு எப்படி இருக்கும்?

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. மனை வாங்கும் ஜோடிகள் இருவர் பெயரிலும் கிரயம் செய்யட்டும். ஆளுக்குப் பாதி என்று பத்திரத்திலேயே எழுதட்டும். எழுதாவிட்டால் 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு, அவரவர் போட்ட பணத்தின் அளவைப் பார்க்கும். கணக்குத் தெரியாதபோதுதான் சமபங்கு. தவணை ரசீதும் அடகுச் சீட்டும் அவளிடமும் இருக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இரண்டு பெயர் இருந்தாலும் ஒருவர் இறந்தால் அவர் பாதி தானாக மற்றவருக்கு வராது, அவருடைய வாரிசுகளுக்கே போகும். அதற்கு உயில் வேண்டும். முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லாதவர்கள் அதைச் செய்து பதிவும் செய்யட்டும். சாதிக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

நெசவாளர் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும், மாதர் ஸ்தாபனங்களும் இதைத் தனி வீட்டு விவகாரம் என்று தள்ளிவிடக் கூடாது. பத்திரம் எழுதப் போகிறவர்களுடன் சங்கத்து ஆள் ஒருவர் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகட்டும். சேர்ந்து உழைத்து வாங்கிய வீட்டில் உழைப்பையும் பங்காகக் கணக்கிடும் சட்டத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் கொண்டுவர வேண்டும் என்று கிளைகள்தோறும் தீர்மானம் போட்டு அனுப்பட்டும்.