அமைதித் தீவும் மலிவுப் பயணமும்

அமைதியான ஒரு சிறு தீவிலே குறைந்த செலவில் இரண்டொரு நாள்களைக் கழித்துவருதல் என்பது இன்று கொழும்புத் தமிழ் மத்தியதர வர்க்கத்தாரிடையே, சிறப்பாக அவ்வர்க்கத்து மாணவரிடையே, வலுப்பெற்று வரும் ஓர் ஆசையாகும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் பரீட்சை முடிந்த மறுவாரமே இதற்கான திட்டங்கள் தீட்டப்படுகின்றன. வசதி படைத்தோர் மாலைதீவுக்கு விமானமேறுகின்றனர். விமானச் சீட்டுக்கு வழியில்லாதோர் வெள்ளிக்கிழமை இரவு காலி வீதியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றனர். அவர்களது இலக்கு நெடுந்தீவு. இத்தெரிவைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. மாலைதீவிலும் பார்க்க நெடுந்தீவை எம்மவர் நாடுவது வரவேற்கத்தக்கதே. ஆயின் அத்தீவை நாடுவதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் இரண்டு: அங்கே அமைதியுண்டு, செலவு குறைவு. இவ்விரு சொற்களும் ஆராய்வின்றி வழங்கப்படுகின்றன. ஆராயத் தலைப்படின், முன்னையது ஒரு மக்கட்கூட்டத்தின் இழப்பு என்பதும், பின்னையது அதே மக்கள் எமக்காகச் செலுத்தும் கட்டணம் என்பதும் புலனாகும்.

மலிவை முதலில் நோக்குவோம். திட்டம் பொதுவாக இவ்வாறு அமையும். பஸ்ஸிலோ புகையிரதத்திலோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து காலையில் யாழ்ப்பாணம். அங்கிருந்து 776ஆம் இலக்க பஸ்ஸில் பண்ணைப் பாலத்தின் வழியே வேலணையும் புங்குடுதீவும் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. பின்னர் ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். கரையேறியதும் முச்சக்கரவண்டியொன்றை அமர்த்திக்கொண்டு, குதிரைகள், பெருக்கமரம், இடிந்த கோட்டை, வளரும் கல் என்று சொல்லப்படுவது, முருகைக்கல் மதில்கள் ஆகியவற்றை வரிசையாகப் படமெடுத்து, மாலைப் படகில் மீளுதல். தங்குமிடச் செலவு இல்லை. மதிய உணவு யாழ்ப்பாணத்திற் கட்டுவித்த சோற்றுப் பார்சல். தண்ணீர் கையோடு கொண்டுசென்ற போத்தல். திரும்பி வந்து, இவ்வளவு குறைந்த பணத்தில் இவ்வளவு பார்த்தோம் என்று நண்பருக்குக் கணக்குக் காட்டுவர்.

அதே கணக்கை நெடுந்தீவுக் கரையில் நின்று வாசித்துப் பார்த்தல் வேண்டும். பஸ் கட்டணம் கொழும்பு முதலாளிக்கு. சோற்றுப் பார்சலின் விலை பட்டணத்துக் கடைக்கு. தண்ணீர்ப் போத்தலின் விலை கம்பனிக்கு. தீவிலே தங்குவது முச்சக்கரவண்டிக்காரருக்குக் கொடுத்த வாடகையும், ஒருவேளை ஒரு பிளேன்ரீயின் விலையும் மட்டுமே. வெறும் போத்தல்களும் பார்சல் சுற்றிய தாள்களும் தங்கிவிடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய, நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலமொன்றிற் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்வி படமெடுப்போருக்கு எழுவதில்லை. எரித்தால் காற்றிலே, புதைத்தால் கிணற்றிலே.

கிணறு என்றமையால் அதனைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். முருகைக்கற் பாறையினூடாக இறங்கும் மழைநீர், கீழே நிற்கும் உவர்நீரின் மேல் மெல்லியதொரு படையாக மிதந்து நிற்பதே இத்தகைய தீவுகளின் நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும்; எழுந்த உப்பு எளிதில் இறங்காது. கோடையிற் குடிநீர் தேடி அலையும் மக்கள் வாழும் நிலம் அது. வரட்சிக் காலங்களிற் குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகள் பத்திரிகைகளிற் பன்முறை வந்துள்ளன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியவை என்று சொல்லப்படும் அக்குதிரைகளையே நாம் பார்க்கச் செல்கிறோம். 2015ஆம் ஆண்டில் அவை உலாவும் நிலத்தின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பிரகடனத்தினால் மழை பெய்வதில்லை.

இவற்றிலும் முதன்மையான விடயம் படகு. நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. அரசின் சேவைப் படகுகளும் தனியார் படகுகளும் நாளொன்றுக்குச் சில தடவை மட்டுமே சென்று வருகின்றன. பெருநிலத்து மனிதருக்கு வீதி எதுவோ, தீவு மனிதருக்குப் படகு அது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர், கச்சேரி அலுவலுக்குச் செல்லும் முதியவர், கற்பிக்க வந்துபோகும் ஆசிரியர், அரிசி மூடையும் மாப்பெட்டியும் கொண்டுவரும் சிறுகடைக்காரர் ஆகிய அனைவருக்கும் உரிய இடம் அதே பலகையில்தான் உண்டு. அப்பலகையின் நீளம் விடுமுறை நாளில் வளர்வதில்லை. நாற்பது மாணவர் ஒரே வேளையில் ஏறினால் நாற்பது பேரின் இடம் போய்விடுகிறது என்பது எளிய எண்கணிதம். கொழும்பிலிருந்து வந்தவர் ஒரு படகைத் தவறவிட்டால் ஒரு படத்தைத் தவறவிடுகிறார். தீவார் தவறவிட்டால் வைத்தியர் குறித்துக்கொடுத்த திகதியைத் தவறவிடுகிறார். மலிவு என்று நாம் கொண்டாடுவதன் பெரும்பகுதி இவ்விடத்தில் அடங்கியுள்ளது. வேறொருவரின் இன்றியமையாத் தேவைக்கென அமைந்த சேவையை நாம் உல்லாசத்திற்குப் பயன்படுத்துகிறோம். அதனாலேயே அது எமக்கு மலிவாக உள்ளது.

இக்கடல்வழியின் வரலாற்றை அறியாதவர்க்கு அது வெறும் ஒரு மணிநேரம். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட ‘குமுதினி’ என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட 23 பேருக்குக் குறையாதோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். அதன் பின்னரும் தீவு மக்கள் அதே கடலைக் கடந்தனர். கடக்க வேறு வழியிருக்கவில்லை. அவ்வழியிற் செல்லும் மாணவர் பலருக்கு அப்படகின் பெயரே தெரியாதிருப்பதற்குக் கல்வி கற்பித்த நாமும் பொறுப்பாளிகளே.

இனி அமைதி. தீவகம் என்றுமே அமைதியான நிலமாக இருந்ததன்று. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றிலிருந்து வணிகம் நாடித் தெற்கே வந்தோர் கொழும்பின் வர்த்தகத்திற் பெற்ற இடம் யாவரும் அறிந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்று வாழும் குடும்பங்களுட் பல, இரண்டு தலைமுறைக்கு முன்னர் அத்தீவுகளில் வாழ்ந்தவையே. குடாநாட்டார் சிலர் ‘தீவான்’ என்ற சொல்லை இழிவு தோன்ற வழங்கியதற்கும் இவ்வணிக வெற்றி மீதான பொறாமைக்கும் தொடர்புண்டு என்பது எமது துணிபு; அது தனிக் கட்டுரைக்குரியது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படைநடவடிக்கைகளோடு வேலணை, புங்குடுதீவு முதலியவற்றின் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். பலர் மீளவில்லை. இன்று 776ஆம் இலக்க பஸ்ஸின் யன்னலோரத்தில் இருப்பவர் காண்பது கூரையிழந்த கல்வீடுகளை, மரம் முளைத்த மண்டபங்களை, ஆளற்ற வளவுகளை. நெடுந்தீவின் கதை சற்று வேறாயினும் முடிவு ஒன்றே: படிப்புக்கும் தொழிலுக்கும் வைத்தியத்துக்கும் கடலைக் கடக்கவேண்டிய இடத்தை விட்டு, இயன்றவர் நீங்கினர். எஞ்சியிருப்போர் சில ஆயிரவரே. பாடசாலை மைதானத்திற் பிள்ளைகள் குறைந்தமையால் உண்டான ஓசையின்மையை ‘அமைதி’ என்று பெயரிட்டு அனுபவிப்பதற்குக் கல்நெஞ்சம் வேண்டும். அல்லது வரலாறு தெரியாதிருத்தல் வேண்டும்.

பெயரிடுதல் பற்றி இன்னொன்று. போர்த்துக்கேயர் அங்கே பசுக்களைக் கண்டு ‘பசுத்தீவு’ என்றனர். ஒல்லாந்தர் தம் நகரங்களின் பெயர்களை வரிசையாக ஒட்டினர்: நெடுந்தீவு டெல்வ்ற், புங்குடுதீவு மிடில்பேக், வேலணை லைடன், அனலைதீவு றொட்டர்டாம். ஏனையவை வழக்கொழிந்தும் டெல்வ்ற் மட்டும் ஆங்கில ஆவணங்களில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வருகையாளனும் தன் தேவையையே அத்தீவின் பெயராகச் சூட்டினான். 2021ஆம் ஆண்டில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்சாரத் திட்டத்தைச் சீனக் கம்பனியொன்றுக்கு வழங்க முடிவானபோதும், 2022இல் அது இந்திய உதவிக்கு மாறியபோதும் கொழும்புப் பத்திரிகைகள் தீவுகளைப் பற்றி எழுதின. அங்கே விளக்கெரிகிறதா என்பதைப் பற்றியன்று, யாருடைய கொடி பறக்கும் என்பதைப் பற்றியே எழுதின. இப்போது எம்மவர் ‘அமைதித் தீவு’ என்கின்றனர்.

நாமே இவ்விளம்பரத்தின் பொருளாக இருந்தோம் என்பது வசதியாக மறக்கப்படுகிறது. 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்ட பின்னர், இலங்கை முழுவதும் ஐரோப்பியருக்கு மலிவானதும் அமைதியானதுமான வெப்பமண்டலத் தீவாக விற்கப்பட்டது. பெந்தோட்டையும் ஹிக்கடுவையும் அவ்வாறு மாறின. 1979இல் ஹிக்கடுவைக் கடல் சரணாலயமாக்கப்பட்டது. ஆயினும் கண்ணாடிப் படகுகளும் மிதிக்கும் கால்களும் முருகைக்கற்களை விட்டுவைக்கவில்லை. அவ்வெள்ளைப் பயணிகளைப் பற்றி எமது கருத்தரங்குகளில் நாம் ஆற்றிய உரைகள் எத்தனை! அவ்வுரைகளிற் பயன்படுத்திய சொற்களை ஒருமுறை கண்ணாடியின் முன் நின்று சொல்லிப் பார்க்கலாம்.

இதற்கு மறுமொழியாக இரு சாரார் எழுவர். ஒரு சாரார், அவ்வாறாயின் எவருமே போகாதிருப்போம், தீவைத் தீண்டாது விடுவோம் என்பர். இது பண்பாட்டுக் காவலரின் சோம்பல். போவோர் வராவிடின் முச்சக்கரவண்டிக்காரருக்கு அவ்வாடகையும் இல்லை. படகை அதிகரிக்கக் கேட்போரின் தொகையும் குறைந்துவிடும். மற்றச் சாரார், பெரிய விடுதிகளைக் கட்டினால் எல்லாம் தீரும் என்பர். அவர்கள் மாலைதீவைச் சற்று உற்று நோக்கல் நன்று. 1972இல் அங்கே உல்லாசப் பயணம் தொடங்கியதிலிருந்து நெடுங்காலம் விடுதித் தீவு வேறு, மக்கள் வாழும் தீவு வேறு என்று பிரித்து வைக்கப்பட்டிருந்தது. விருந்தினர் அந்நாட்டுக் குடும்பமொன்றைக் காணாமலே அந்நாட்டிலிருந்து திரும்பலாம். 2009ஆம் ஆண்டளவில் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு இடமளிக்கப்பட்ட பின்னரே, மாபூசி போன்ற ஊர்களிற் சாதாரண வீட்டுக்காரர் கையிற் பணம் புழங்கலாயிற்று. குறைந்த செலவிற் செல்வோருக்கும் வழி பிறந்தது. குப்பைக்கென்றே ஒரு தீவை ஒதுக்கவேண்டி வந்ததும் அதே நாட்டில்தான். பிலிப்பைன்சின் போராக்காய், விடுதிகள் பெருகிக் கழிவுநீர் கடலிற் கலந்தமையால், 2018இல் ஆறு மாதம் பயணிகளுக்கு மூடப்பட்டது. அது நெடுந்தீவிலும் மிகச் சிறியது என்பதை விடுதிப் பிரியர்கள் மனங்கொள்வார்களாக.

எமது நிலைப்பாடு இவ்விரண்டுமன்று. குறைந்த செலவிற் போகத்தான் வேண்டும். மாணவரிடம் வேறென்ன உண்டு? ஆயின் செலவைக் குறைக்குமிடம் எது என்பதிலேதான் வேறுபாடு. சொகுசு பஸ்ஸைக் கைவிட்டுப் புகையிரதத்தின் மூன்றாம் வகுப்பிற் செல்லலாம். 1990இல் நின்ற யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்டோபரிலேயே மீண்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் நாம் ஏங்கிய தண்டவாளம் அது. அங்கே மிஞ்சிய பணத்தைத் தீவிற் செலவிடவேண்டும். ஒரு பகலுக்குப் பதிலாக இரண்டு இரவுகள். அதுவும் ஊரவர் நடத்தும் வீடுகளில். காலையில் அவர்கள் அவிக்கும் பிட்டும், மதியம் அன்று பட்ட மீனும், அவர்கள் கேட்கும் விலையில். பேரம் பேசுதலைப் புறக்கோட்டையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரவு தங்குபவருக்கு வரிசையாக ஓடிப் படமெடுக்கும் அவசரம் இல்லை. துவிச்சக்கரவண்டியொன்றை வாடகைக்கு எடுத்து, மதில்களிடையே பொறுமையாகச் சுற்றலாம். அம்மதில்கள் சாந்தின்றி அடுக்கப்பட்டவை. ஒரு கல்லை உருவினால் ஒருவரின் வேலி சரியும் என்பதும் அப்போது தெரியவரும்.

படகைப் பொறுத்தவரை எமது கோரிக்கை கண்டிப்பானது. ஆசிரியரும் அலுவலரும் கடக்கும் திங்கட் காலையும் வெள்ளி மாலையும் மாணவர் குழுக்கள் அரசின் சேவைப் படகில் ஏறுதல் ஆகாது. வேறு வேளையில் ஏறினும் தீவு மக்கள் அனைவரும் ஏறிய பின்னரே ஏறவேண்டும்; இடமில்லையாயின் குறிகட்டுவானிற் காத்திருக்கவேண்டும், அல்லது செலவைப் பகிர்ந்து தனிப் படகு பிடிக்கவேண்டும். பயணிகளுக்கென வேறு படகு, மக்களுக்கென உறுதியான ஆசனங்கள் என்பதை அரசிடமும் மாகாண நிருவாகத்திடமும் கேட்க வேண்டியவர் தீவாரும் நாமும் சேர்ந்தே. தீவார் நெடுங்காலமாகத் தனித்துக் கேட்டுக் களைத்துவிட்டனர். வெள்ளவத்தையில் ஊர்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை; வருடாந்த இராப்போசனத்துக்கு மண்டபம் எடுக்கத் தெரிந்தவர்க்கு ஒரு மனு எழுதத் தெரியாதிருக்க நியாயமில்லை.

இத்தமிழ்ச் சங்கத்தின் அடுத்த கல்விச் சுற்றுலா நெடுந்தீவுக்கே ஆகட்டும். பதினைந்து பேருக்கு மேற்படாமல், கோடையின் உச்சத்தைத் தவிர்த்து, வருகையை ஊரவருக்கு முன்கூட்டியே அறிவித்துச் செல்வோம். கொண்டுசெல்லும் போத்தல்களை எண்ணிக் கொண்டுசென்று, எண்ணித் திரும்பக் கொண்டுவருவோம். அவற்றைக் குறிகட்டுவான் இறங்குதுறையிற் போட்டுவிட்டு பஸ் ஏறுவதும் கூடாது. புங்குடுதீவும் ஒரு தீவே.