விலையைக் குறைக்கிறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

ஆன்லைன்ல ஒரு பொருள் விற்கலைன்னா நாம எல்லாரும் முதல்ல பண்றது ஒரே விஷயம்தான். விலையைக் குறைப்போம். நானும் அதைத்தான் பண்ணேன். அதனால என் சித்திக்கு ஒரு மாசம் முழுக்க நஷ்டம். உங்க வீட்டுலயும் யாராவது ஊறுகாயோ, சுங்குடிச் சேலையோ, மண்பானையோ ஆன்லைன்ல விக்கலாம்னு யோசிச்சா, "எம்புள்ள இன்ஜினியரிங் படிக்கான், அவன் போட்டுத் தருவான்"னு உங்களைத்தான் கூப்பிடுவாங்க. அதனாலதான் இதை எழுதறேன்.

சித்தி ஊர் உடன்குடி பக்கம். பனை ஓலைல பெட்டி முடைவாங்க. மூடி போட்ட பெட்டி, சாயம் ஏத்தின ஓலைல பூ வேலை. போன லீவுல அங்கே போனப்போ, பிரபலமான ஒரு விற்பனைத் தளத்துல அவங்க பேர்ல கணக்கு திறந்து கொடுத்தேன். 2023 அக்டோபர் 1-லிருந்து, ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சின்ன விற்பனையாளர்களும் சொந்த மாநிலத்துக்குள்ள இப்படி ஆன்லைன்ல விற்கலாம். ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒரு பதிவு எண் மட்டும் வாங்கணும். அதையெல்லாம் நான் சரியாத்தான் முடிச்சேன். சொதப்பினது அதுக்கு அப்புறம்தான்.

ஒரு பெட்டிக்கு 399 ரூபாய் போட்டேன். 'இலவச டெலிவரி'னு டிக் பண்ணேன். எடை 220 கிராம். ரெண்டு வாரம் ஒரு ஆர்டரும் இல்லை. உடனே 349 ஆக்கினேன். ஆர்டர் வர ஆரம்பிச்சது. ஒரே மாசத்துல 11 பெட்டி. நான் ஹாஸ்டல்ல காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு திரிஞ்சேன்.

அப்புறம்தான் சித்தி போன் பண்ணாங்க. "எய்யா, பெட்டி எல்லாம் போயிட்டு. பேங்க்ல காசு ஏறலையே. என்னன்னு பாத்துச் சொல்லு." குரல்ல கோபம் இல்லை. அவங்க ஏதோ தப்பா அழுத்திட்டாங்களோங்கற பயம்தான் இருந்துச்சு. தப்பு என்னுது.

கணக்குத் தாளை இறக்கிப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு ஓலை, சாயம் 60. அட்டைப்பெட்டி, டேப் 35. தளத்தோட கமிஷனும் மத்த கட்டணங்களும் 70. டெலிவரி 65 ஆகும்னு நினைச்சிருந்தேன், அரை கிலோவுக்கான கட்டணம் அதுதான். அப்படின்னா கையில 119 நிக்கணும். ஆனா அவங்க கழிச்சது 65 இல்லை, 190. இப்போ கூட்டிப் பாருங்க: 60, 35, 70, 190. மொத்தம் 355. விற்பனை விலை 349. முக்கால் நாள் உட்கார்ந்து முடைஞ்ச ஒரு பெட்டிக்கு சித்தி தன் கையிலிருந்து 6 ரூபாய் கொடுத்திருக்காங்க. 11-ல 2 பெட்டி திரும்பி வந்து, அதுக்குத் தனிக் கழிவு வேற. அதை விட்டுட்டாலும் மீதி 9 பெட்டிக்கு 54 ரூபாய் நஷ்டம்.

220 கிராம் பெட்டிக்கு எப்படி 190? இங்கேதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் கவுந்து போறாங்க. கூரியர்காரங்க தராசை மட்டும் பார்க்கிறதில்லை. வண்டியில எவ்வளவு இடம் பிடிக்குதுன்னும் பார்க்கறாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்தா வர்றதுதான் வால்யூமெட்ரிக் வெயிட். இங்கே பெரும்பாலும் இந்த 5000 கணக்குதான். உண்மையான எடை, இந்த எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் பில். நான் மளிகைக்கடை அட்டைப்பெட்டிக்குள்ள ஓலைப் பெட்டியை வெச்சு, சுத்தி பேப்பரைத் திணிச்சு அனுப்பச் சொல்லியிருந்தேன். அது 30, 30, 20. பெருக்கினா 18,000. வகுத்தா 3.6 கிலோ. நாலு கிலோ கட்டணம். சித்தி காசு கொடுத்து அனுப்பினது பெரும்பாலும் காத்தைத்தான்.

முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங்ல ஒரு பெட்டியை மூணு பக்கத்திலிருந்தும் வரைஞ்சு மார்க் வாங்கினவன் நான். நிஜப் பெட்டிகிட்ட ஒரு ஸ்கேல்கூட வெச்சுப் பார்க்கலை. தளத்து மேல பழி போடலாம்னு பார்த்தேன். கட்டண விவரம், கால்குலேட்டர் எல்லாம் அங்கேயேதான் இருந்துச்சு. நான்தான் திறந்து பார்க்கலை.

என் கருத்து இதுதான்: லிஸ்டிங்ல விலை கடைசியா தொட வேண்டிய விஷயம். முதல்ல பெட்டி, அடுத்து டெலிவரி, அதுக்கப்புறம்தான் விலை. நாம தலைகீழா ஆரம்பிக்கிறோம். விலையைக் குறைக்கிறது மட்டும்தான் போன்ல பத்து செகண்ட்ல முடியற வேலைங்கறதாலயோ என்னவோ.

பெட்டிக்கு வழி சொன்னது நான் இல்லை, சித்திதான். "முன்னாடி சந்தைக்குக் கொண்டு போறப்போ ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டுத்தான கொண்டு போவோம்"னாங்க. அடுக்குப் பெட்டி! பெரியது, நடுவுலது, சின்னது, மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மொத்தம் 430 கிராம். அதுக்கு அளவா 24, 24, 15 சென்டிமீட்டர்ல அட்டைப்பெட்டி வாங்கினோம். கணக்கு 1.73 கிலோ. ரெண்டு கிலோ கட்டணம், 115 ரூபாய். முன்னாடி ஒரு பெட்டி போன செலவுல முக்கால்வாசிகூட ஆகலை, மூணு பெட்டி போகுது.

அடுத்து விலை. இந்தத் தடவை மத்தவங்க என்ன விலை போட்டிருக்காங்கன்னு பார்த்து ஆரம்பிக்கலை. சித்தியோட ஒரு நாள் கூலியிலிருந்து ஆரம்பிச்சேன். 100 நாள் வேலைத் திட்டத்துல 2025-26-க்கு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச தினக்கூலி 336 ரூபாய். பூ வேலை தெரிஞ்ச கைக்கு அதுக்குக் குறைவா வந்தா, நாம அவங்களுக்கு உதவி பண்ணலை, ஏமாத்தறோம். ஒரு செட்டுக்கு ரெண்டு நாள் வேலை. 1,199 போட்டேன். ஓலை, சாயம் 140, அட்டைப்பெட்டி 35, தளத்துக்கு 200, டெலிவரி 115 போனா 709 மிச்சம். நாளுக்கு 354 ரூபாய். பெருசா ஒண்ணும் இல்லை. ஆனா கூலிக்கு மேல 18 ரூபாயாவது நிக்குது.

"1,199-க்கு யாருப்பா வாங்குவா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ஆர்டர் குறைஞ்சது உண்மை. அடுத்த மாசம் 4 செட்தான் போச்சு. ஆனா அந்த நாலுல 2,836 ரூபாய் வந்துச்சு. 11 வித்த மாசத்துல கைக்காசு போச்சு. எந்த மாசம் நல்லா வித்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

டெலிவரியைத் தனியா காட்டணுமா, விலைக்குள்ள சேர்க்கணுமான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. நான் சேர்க்கிற கட்சி. 349-னு ஆசை காட்டி, பணம் கட்டற பக்கத்துல 80 ரூபாய் ஏத்தினா எனக்கே எரிச்சல் வரும், மூடிட்டுப் போயிடுவேன். ஆனா சேர்த்தா முழுசா சேர்க்கணும். 'இலவசம்'னு டிக் பண்ணிட்டு விலையில அதைச் சேர்க்காம விட்டா, அந்த இலவசத்தைக் கொடுக்கிறது உங்க அம்மாவோ சித்தியோதான். ஒரு எச்சரிக்கை: பொடி, ஊறுகாய் மாதிரி பாக்கெட்ல எம்ஆர்பி அச்சடிச்ச பொருளை அந்த விலைக்கு மேல விற்க முடியாது. அதனால அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே டெலிவரியை யோசிச்சுக்கணும்.

திரும்பி வந்த ரெண்டு பெட்டிக்கும் காரணம், "நினைச்சதை விடச் சின்னதா இருக்கு". என் இங்கிலீஷ் விவரணையில 'ஹேண்ட்மேட்', 'ஈக்கோ ஃபிரெண்ட்லி' எல்லாம் இருந்துச்சு, அளவு மட்டும் இல்லை. இப்போ முதல் வரியே அளவுதான். ஒரு படத்துல பெட்டிக்குப் பக்கத்துல காபி டம்ளர் இருக்கும். அனுப்பற நாளையும் ஒண்ணுலிருந்து நாலு ஆக்கிட்டேன். கையால முடையற பொருளை மறுநாளே அனுப்பறேன்னு சொன்னா சித்தி ராத்திரி முழுக்க உட்காரணும்.

இது எல்லாத்துக்கும் பொருந்தாதுன்னு எனக்குத் தெரியும். ஆயிரம் பேர் ஒரே மொபைல் கவரை விற்கிற இடத்துல விலைச் சண்டையைத் தவிர்க்க முடியாது. அங்கேயும் 99 ரூபாய் கவருக்கு 65 ரூபாய் டெலிவரின்னா, ரெண்டு கவரைச் சேர்த்து ஒரே பார்சலா விற்கறதுதான் புத்தி.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ வீட்டுல தையல் மெஷின் டிராயர்ல பாருங்க, இன்ச் டேப் இருக்கும். அதை எடுத்து பார்சலை அளந்து 5000-ஆல வகுங்க. வந்த நம்பரை, பொருளைச் செஞ்சவங்க பக்கத்துல உட்கார்ந்து, அவங்க கூலியோட சேர்த்து ஒரு தாள்ல எழுதிக் காட்டுங்க. அதுக்கப்புறம் போனை எடுத்து விலையைப் போடுங்க.