போன் கெடுத்த பிள்ளைகள் கதைக்கிறம்

பரிசளிப்பு விழாவோ, கோயில் மண்டபத்தில நடக்கிற கருத்தரங்கோ, பழைய மாணவர் சங்கக் கூட்டமோ, எதுவாக இருந்தாலும் மைக்கைப் பிடிக்கிறவர் பதினைந்தாவது நிமிடத்தில் எங்கட போனுக்கு வந்துவிடுவார். "இண்டைக்கு எங்கட இளஞ்சமுதாயம் கைபேசியால சீரழிஞ்சு போய்க்கிடக்கு." முன்வரிசை தலையாட்டும். பின்வரிசையில் நாங்கள் இருப்பம். பேசி முடித்து இறங்கி வந்ததும் அவர் முதல் செய்கிற வேலை, வீடியோ எடுத்த பெடியனைத் தேடிப் பிடிக்கிறது. "தம்பி, அதை ஒருக்கா வட்ஸ்அப்பில போட்டுவிடும்."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பிறந்தவர்கள் நாங்கள். போன் எங்கட வீடுகளுக்குள் எப்படி வந்தது, ஆரின்ர கையில் இருந்தது, எதுக்குப் பயன்பட்டது எல்லாம் வடிவாக ஞாபகம் இருக்கு. அந்தக் கணக்கை ஒருக்கால் பார்த்துவிட்டுச் சீரழிவைப் பற்றிக் கதைப்பம்.

இலங்கையில் கைபேசிச் சேவை 1989இலேயே செல்டெல் நிறுவனத்தோடு தொடங்கிவிட்டது. தெற்காசியாவிலேயே முதலாவது எண்டு பெருமையாகச் சொல்லுவினம். அந்தப் பெருமைக்குள் வடக்கு இல்லை. அடுத்த வருசமே போர் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணம் இருளுக்குள் போனது. கொழும்பில் ஆக்கள் காருக்குள் இருந்து போன் கதைத்த காலத்தில், எங்கட அம்மாமார் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். பிறகு சந்திக்குச் சந்தி கொமினிகேஷன்கள் வந்தன. பலகைக் கூட்டுக்குள் நின்று கனடா மாமாவோட கதைக்க வேணும், வெளியில் ஐந்து பேர் வரிசையில் நிற்பினம், உள்ளே அழுதால் அவ்வளவு பேருக்கும் கேட்கும். அந்தரங்கம் என்கிற சொல்லே எங்களுக்குப் பிற்காலத்தில் அறிமுகமானதுதான்.

எங்களில் பலருடைய வீட்டுக்கு முதலில் வந்தது நொக்கியா 1100. 2003இல் வெளியான மொடல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. எங்களுக்கு அது வெளிநாட்டில் இருந்து வந்த ஆரோ பாவிச்சுவிட்டுக் குடுத்த செக்கன்ஹான்ட். அதுவும் அப்பாவின்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்தான் இருக்கும். கோல் எடுத்தால் காசு, அதனால் மிஸ்ட் கோல் ஒரு பாசையாகவே ஆனது. ஒரு தரம் அடிச்சால் 'வந்து சேர்ந்திட்டன்', ரெண்டு தரம் அடிச்சால் 'திருப்பி எடுங்கோ'. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு சிக்னல் நாட்கணக்கில் நிற்கும். அப்ப போனில் வேலை செய்தது தலைப்பக்கத்து ரோச் லைட் மட்டும்தான். சிக்னல் திரும்பி வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "எங்க நிக்கிறாய்?" ஊரடங்குக்கு முதல் பிள்ளை வீட்டுக்கு வந்துசேருமா எண்டு படலையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும்.

எங்கட ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறா. 2007இல் வெளியில் போன மகன் திரும்பி வரவில்லை. அவவிடம் இப்பவும் அதே சிம். பட்டன் போனில் போட்டு வைத்திருக்கிறா. கன நாள் ரீலோட் பண்ணாமல் விட்டால் நம்பரை வெட்டிவிடுவாங்கள் எண்டு தவறாமல் கடைக்குப் போய்க் காசு போடுவா. அவனுக்குப் பாடமான நம்பர் அது ஒண்டுதானாம். கைபேசிக்கு அடிமையானவர்களின் பட்டியல் எடுக்கிற கனவான்கள் அவவை எந்த நிரலில் போடுவினம் எண்டு அறிய ஆசை.

வன்னியில் வளர்ந்த எங்கட தோழிக்கு நொக்கியாக் கதையே இல்லை. அவள் இருந்த பக்கம் போர் முடியும்வரை கைபேசிச் சிக்னல் எண்டு ஒண்டு இருக்கவில்லை. 2009இல் முகாமுக்குள், ஆரோ ஒளிச்சு வைத்திருந்த போனில்தான் அவள் முதன்முதலாகக் கதைத்தாள். கூடாரத்துக்குள் போர்வையால் மூடிக்கொண்டு. மறுபக்கத்தில் பெரியம்மா கேட்டது "ஆர் ஆர் இருக்கிறியள்?" என்பது மட்டும். பெயர்களைச் சொல்லிக்கொண்டு வர, பாதியில் காசு முடிந்து கோல் அறுந்துபோனது. சொல்லாமல் விடுபட்ட பெயர்களை இறந்தவர்கள் எண்டு நினைத்து அங்கே ரெண்டு நாள் அழுதிருக்கிறார்கள்.

போர் முடிந்து பாதை திறந்ததும் சைனாப் போன்கள் வந்து குவிந்தன. ரெண்டு சிம், ஊருக்கே கேட்கிற ஸ்பீக்கர், விலையும் மலிவு. மேடைப் பேச்சும் அப்பதான் சூடு பிடித்தது. அதுவரை அப்பாவின்ர பொக்கற்றில் இருந்த போன் பிள்ளையின் கைக்கு மாறினதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. அதிலும் ஒரு குற்றச்சாட்டை எங்களால் இண்டைக்கும் மறக்க ஏலாது: "இவங்கள் தமிழை இங்கிலீசு எழுத்தில எழுதித் தமிழைக் கொல்லுறாங்கள்."

வேற என்ன செய்திருக்க வேணும்? எங்கட கையில் இருந்த போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். ஒரு செய்தித் தளத்தை வாசிக்க ஒப்பெரா மினியைப் போட்டு, அதின்ர உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய், எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லி மாத்த வேணும். அந்த வித்தையை ரியூசன் வாசலில் ஒருத்தனிடம் இருந்து ஒருத்தன் படித்தோம். தமிழை வாசிக்க அவ்வளவு பாடுபட்டவர்கள்தான் தமிழைக் கொன்றவர்கள்! மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 தைப்பொங்கலுக்கே வெளியானது. ஐபோனுக்குள் தமிழ் விசைப்பலகை 2013இல்தான் வந்தது. இடைப்பட்ட அத்தனை வருசத்தில் இங்கே நடந்த முத்தமிழ் விழாக்கள் எத்தனை? ஒண்டிலாவது ஒருத்தர் எழும்பி "பிள்ளைகளின்ர போனில தமிழ் தெரியுதா?" எண்டு கேட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. இப்பவும் வங்கியில் இருந்து வாற குறுஞ்செய்தி ஆங்கிலத்தில்தான். அதை வாசிச்சுச் சொல்ல அம்மம்மாவுக்கு வேண்டியது இந்தச் சீரழிஞ்ச பேரப்பிள்ளை.

அடுத்தது பெண் பிள்ளையின் போன். இதைத்தான் உண்மையில் கதைக்க வேணும். அண்ணாவுக்கு ஓ.எல் எழுதின கையோட போன். தங்கச்சிக்கு ஏ.எல் முடியட்டும், கம்பஸ் கிடைக்கட்டும், கலியாணம் ஆகட்டும். கிடைச்சாலும் பாஸ்வேர்ட் அண்ணாவுக்குத் தெரிய வேணும். எங்களில் ஒருத்தி கடையில் வேலைக்குப் போய் முதல் மூன்று சம்பளத்தைச் சேர்த்து ஒரு சாம்சுங் வாங்கினாள். வீட்டில் ஒரு கிழமை ஒருத்தரும் அவளோடு கதைக்கவில்லை. "ஆர் வாங்கித் தந்தது?" எண்டுதான் கேட்டார்கள். திருத்தக் குடுத்த போனில் இருந்து படங்களை எடுத்துப் பரப்பினவனைப் பற்றி ஊரில் கதை வந்தபோதும் அதே நியாயம்தான். அவன் கடையைத் திறந்து வைத்திருந்தான்; அவளின்ர போனைப் பறிச்சு, படிப்பை நிப்பாட்டி, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். படம் எடுத்தவன் குற்றவாளி எண்டு சொல்லத் துணிவில்லாத சமூகம், போன் குற்றவாளி எண்டு சொல்லித் தப்பிக்கொள்ளுது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் பூட்டுப்பட்டதும் கதை தலைகீழானது. வகுப்பில் போனைப் பறிச்சு அலுமாரியில் பூட்டி வைத்த அதே ஆசிரியர்கள் வட்ஸ்அப் குறூப்பில் பாடம் போட்டார்கள். போன் இல்லாத பிள்ளை பாடம் இல்லாத பிள்ளை ஆனது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன். மலையகத்தில் சிக்னல் தேடிக் குன்றில் ஏறின பிள்ளைகளின் கதையைச் செய்திகளில் பார்த்து எல்லாரும் கண் கலங்கினோம். கலங்கினதோட சரி.

அரசாங்கமும் சளைச்சதில்லை. 2021 செப்டெம்பரில், இறக்குமதிக்கு முழுத் தொகையையும் முற்பணமாகக் கட்ட வேண்டிய அத்தியாவசியமற்ற பொருட்களின் பட்டியலில் மத்திய வங்கி கைபேசியையும் சேர்த்தது. அடுத்த வருசம் ஜூலையில் பெற்றோலுக்கு கியூஆர் வந்தது. அதைப் பதிய ஒரு கைபேசி நம்பர் வேண்டியிருந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரைக்கும் ஏறியபோது கடைக் கண்ணாடிக்குள் இருந்த போன்களின் விலையும் கூடவே ஏறியது. 2024 ஜனவரியில், அதுவரை வற் வரி இல்லாமல் இருந்த கைபேசிக்கு 18 வீதம். பெற்றோல் அடிக்கவும் பாடம் படிக்கவும் கட்டாயமாக இருந்த சாமான், வரி போடுகிற நேரத்தில் மட்டும் ஆடம்பரமாகிவிட்டது.

போனுக்குள் ஆபத்து இல்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. இரவு ரெண்டு மணி வரை ரிக்ரொக் பார்க்கிறம், அது உண்மை. தவணைக்குப் போன் எடுத்துவிட்டுத் தவணை கட்ட நகையை ஈடு வைத்தவர்களைத் தெரியும். ஆனால் இந்த மண்ணில் போனால் பிள்ளைகளுக்கு வந்த பெரிய ஆபத்தைப் பற்றி எந்த மேடையும் வாய் திறந்ததில்லை. ஒரு பேஸ்புக் பதிவுக்காக இருபது வயதுப் பெடியள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்காக உள்ளே இருந்தார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. அதுகளைக் கதைத்தால் அடுத்த விழாவுக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிடமாட்டாங்கள் என்பது அவர்களுக்கு விளங்கும். ரிக்ரொக்கைத் திட்டினால் கைதட்டு விழும், பொன்னாடையும் கிடைக்கும்.

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்துக்கு வாற ஒரு தங்கச்சியின் போனை வீட்டில் பறிச்சுவிட்டார்கள். ஏ.எல் சோதனை முடியுமட்டும் தரமாட்டினமாம். அவளின்ர ரியூசன் நோட்ஸ் வாறது வட்ஸ்அப்பில். இப்ப அவள் சைக்கிளில் ரெண்டு கிலோமீற்றர் போய், சினேகிதியின் போனைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாறாள். பின்னேரம் இருட்டினால் அதுக்கும் விடமாட்டினம். அண்ணாவின்ர போன் அந்த நேரம் விறாந்தையில் சார்ஜில் கிடக்கும்.