கணக்கும் பயாலஜியும் ஒரே டிகிரியில்: எங்கே படிக்கலாம்? செஞ்சி பக்கம் அது ஏன் இல்லை?

ப்ளஸ் டூவில் 'மேக்ஸ் பயாலஜி' குரூப் எடுத்த ஒரு மாணவி. ஊர், செஞ்சி பக்கத்தில் இருக்கும் தொண்டூர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கும் பிடிக்கும், உயிரியலும் பிடிக்கும். நீட் எழுத விருப்பமில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் மட்டும் ஒன்றுதான் டிக் அடிக்க முடியும்: பி.எஸ்சி கணிதமா, பி.எஸ்சி விலங்கியலா?

பள்ளியில் இரண்டு வருஷம் சேர்ந்தே படித்த பாடங்கள், கல்லூரி வாசலில் ஏன் பிரிகின்றன? சேர்த்துப் படிக்க வழியே இல்லையா? பார்க்கலாம்.

உயிரியலுக்கு கணக்கு எதுக்கு?

கொரோனா காலத்தில் தினமும் செய்தியில் வந்த 'ஆர் மதிப்பு' ஞாபகம் இருக்கா? தொற்று உள்ள ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற எண் அது. ஆர் 1.1 என்றால், 100 பேரில் தொடங்கும் தொற்று பத்தாவது சுற்றில் சுமார் 259 பேரைப் பிடிக்கும். 0.9 என்றால் அதே பத்தாவது சுற்றில் 35 பேர்தான். வித்தியாசம் வெறும் 0.2. ஊரடங்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதமே இந்த எண்ணைச் சுற்றி நடந்தது. அப்போது இந்தியாவுக்கான ஆர் மதிப்பைக் கணித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் சிதப்ர சின்ஹா.

இது புதுக்கதையும் இல்லை. மலேரியா கிருமி கொசுவுக்குள் வளர்வதை 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், பிறகு கணக்குப் பக்கம் போனார். எல்லாக் கொசுவையும் ஒழிக்கத் தேவையில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அடங்கும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார்.

செஞ்சியில் இருந்து சுமார் 65 கி.மீ. தூரத்தில் புதுச்சேரி. அங்கே 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் யானைக்கால் நோய் தரவுகளை வைத்து, நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்களோடு சேர்ந்து 'லிம்ஃபாசிம்' என்ற கணினி மாதிரி உருவாக்கப்பட்டது. மருந்தை எத்தனை வருஷம், எத்தனை சதவீதம் பேருக்குக் கொடுத்தால் நோய் போகும் என்று கணக்கிட உதவும் மாதிரி அது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதை இரண்டு கோணங்களை வைத்தே சொல்லிவிட்டார்கள். அடிப்படையில் அது வடிவியல். இன்றைக்கும் ஒரு புரதத்தின் அமைப்பு சரியா என்று பார்க்க, உலகம் முழுக்க இந்த வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள்.

இப்போது எங்கே சேர்த்துப் படிக்கலாம்?

* பெங்களூரு ஐஐஎஸ்சி: 2011-ல் தொடங்கிய நான்கு வருட இளநிலைப் படிப்பு. முதல் மூன்று செமஸ்டர் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாருக்கும் பொது. பிறகுதான் மேஜர். ப்ளஸ் டூவில் கணிதம் கட்டாயம்.

* ஐசர் கல்வி நிறுவனங்கள்: நமக்குப் பக்கத்தில் திருப்பதி. ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு. இங்கும் தொடக்கத்தில் எல்லா அறிவியலும் உண்டு. நுழைவுத் தேர்விலேயே கணிதமும் உயிரியலும் இருக்கும்.

* சென்னை ஐஐடி: 2023-ல் மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் இணைத்து நான்கு வருட பிஎஸ் படிப்பைத் தொடங்கியது. இதற்கு ஜேஇஇ இல்லை, ஐசர் நுழைவுத் தேர்வுதான்.

மூன்றுக்கும் தேசிய அளவில் போட்டி. இடங்கள் குறைவு. கோச்சிங் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு இவை தூரத்துப் பச்சைதான்.

பக்கத்துக் கல்லூரியில் ஏன் இல்லை?

செஞ்சியிலேயே 2022-ல் அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் இணைப்புக் கல்லூரி எதுவானாலும், பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். கல்லூரி நினைத்தாலும் தானாக மாற்ற முடியாது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத்தான் அந்தச் சுதந்திரம் அதிகம்.

அடுத்த சிக்கல் ஆசிரியர். கணித ஆசிரியருக்கு உயிரியல் பரிச்சயம் இருக்காது, விலங்கியல் ஆசிரியருக்கு வகையீட்டுச் சமன்பாடு மறந்திருக்கும். தனித்தனியாக நடத்தினால், ஒரே டிகிரிக்குள் இரண்டு அரை டிகிரி ஆகிவிடும்.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கும் சிக்கல்: வேலை. புதுப் பெயரில் ஒரு டிகிரி வாங்கினால், ஆசிரியர் பணிக்கோ மற்ற அரசுப் பணிக்கோ போகும்போது, 'இது பி.எஸ்சி கணிதத்துக்கு இணையா?' என்ற கேள்வி வரும். இணையானது என்று அரசாணை இல்லாவிட்டால், மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க வேண்டியிருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் இந்த ரிஸ்க்கை யார் எடுப்பார்கள்?

அப்போ வழி என்ன?

டிகிரி பெயரை மாற்றாமலே தொடங்கலாம். பி.எஸ்சி படிப்பில் மேஜரோடு 'அலைடு' என்ற துணைப்பாடம் உண்டு. கணித மாணவருக்கு உயிரியலையும், விலங்கியல், தாவரவியல் மாணவருக்கு நுண்கணிதம், புள்ளியியலையும் துணைப்பாடமாக எடுக்க விட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. சான்றிதழில் பி.எஸ்சி கணிதம் என்றே இருக்கும். 'ஆர்' போன்ற மென்பொருள் இலவசம் என்பதால், இருக்கிற கணினி லேபே போதும்.

மீதிப் பாதி, இரண்டு துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு புராஜெக்ட். ஊரில் பரவும் டெங்கு, ஏரி மீன்களின் எண்ணிக்கை, மணிலா பயிரில் வரும் நோய் என எடுத்துக்கொள்ள விஷயத்துக்குப் பஞ்சமில்லை. உயிரியல் மாணவர்களுக்கு கணிதத்தைக் கூட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கவுன்சில் 'பயோ 2010' அறிக்கையில் சொன்னது 2003-ல். நாம் இருபது வருஷத்துக்கு மேல் லேட்.

மாணவர்கள் இப்போதே செய்ய வேண்டியது

ப்ளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போது, 'பயாலஜி போதும்' என்று கணிதத்தை அவசரப்பட்டு விடாதீர்கள். விட்டால் சில கதவுகள் அங்கேயே மூடிவிடும். கல்லூரியில் சேரும்போது மேஜர் பெயரோடு நிற்காமல், அலைடு பாடங்கள் என்னென்ன என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அதில் நீங்கள் தேடும் பாடம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் அது பாடத்திட்டக் குழுவின் மேஜைக்குப் போகும்.