தொண்டும் கல்வியும்

முதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட விருத்தாசலம், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி. பீங்கான் தொழிலாலும் அவ்வூர் பெயர் பெற்றுள்ளது. களிமண்ணும் கற்பொடியும் குழைந்து அங்கே உருப்பெறுகின்றன. ஆயினும், ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடைய சூளையில் வெந்த பின்னரே அவ்வுரு நீரைத் தாங்கும் கலமாகிறது. மக்களிடம் இயல்பாக அமைந்த இரக்கமும் அத்தகையதே.

‘பிறர்க்கு உதவுவதற்கும் பட்டம் வேண்டுமோ?’ என வினவுவோர் உளர். கல்லைப் பொடி செய்யும் தொழிலாளி ஒருவர் ஓயாது இருமுகிறார் எனக் கொள்வோம். இரக்கமுடையார் அவருக்குப் பொருள் ஈவர். அது நன்றே, ஆனால், இருமல் நிற்பதில்லை. சமூகப்பணி கற்றவரோ நோயின் காரணத்தை நாடுவார். கல்லின் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதை அறிந்து, அவரை மருத்துவரிடம் சேர்ப்பார். தொழிலாளர் அரசுக் காப்பீட்டால் அவர் பெறத்தக்க உதவிக்கு வழிகாட்டுவார். தூசியை அடக்குமாறு ஆலையாரையும் வற்புறுத்துவார். ஈகை ஒருவரின் துயரை ஒருநாள் தணிக்கும். கற்றவரின் தொண்டு அத்துயர் பிறர்க்கும் வாராமல் காக்கும்.

இத்தகைய பயிற்சியை அளிக்கவே 1936இல் பம்பாயிலும், மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சென்னையிலும் சமூகப்பணிக் கல்விக்கூடங்கள் தோன்றின. இக்கல்வியில் நூற்பாடத்தோடு களப்பணியும் இன்றியமையாதது. மருத்துவமனையிலும் குடிசைப் பகுதியிலும் தொழிற்சாலையிலும் மாணவர் மக்களோடு பழகிப் பணிசெய்தல் வேண்டும். அக்களமே அவர்க்குச் சூளை. அதனை அஞ்சிப் பட்டத்தை மட்டும் விரும்புவோர், வேகாத பச்சைமண் கலத்தை ஒப்பர். இரக்கம் மண், கல்வி உரு, களப்பணி தீ. இம்மூன்றும் கூடிய இடத்தில்தான் தொண்டு நிலைபெறும்.